மோட்டாரைப் பிரித்துப் பார்த்த கை: ஜி.டி.நாயுடுவின் கதை

எஞ்சின் ஓடுகிறது. ஆனால் காருக்கு இழுப்பு இல்லை!

பழைய அமெரிக்கக் கார் ஒன்று. கிளட்ச் கிடையாது. கையால் கியர் மாற்ற வேண்டியதும் இல்லை. கியர் தானாகவே மாறும். ஒரு காலத்தில் ஊரே வேடிக்கை பார்த்த வண்டி அது.

இப்போது அந்த வண்டிக்கு வயதாகிவிட்டது. புறப்படும்போது திணறுகிறது. சின்ன மேட்டைக் கண்டாலே முக்கி முனகுகிறது. வேகம் பிடித்த பிறகு சுமாராக ஓடுகிறது. எஞ்சினில் கோளாறு இல்லை. பெட்ரோல் ஒழுங்காக வருகிறது. பிறகு ஏன் இப்படி?

எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் பூசணிக்காய் போல ஓர் இரும்பு உருண்டை இருக்கிறது. அதன் பெயர் டார்க் கன்வர்ட்டர். அது தேய்ந்துவிட்டது!

இந்த நேரத்தில் காரின் சொந்தக்காரர் இரண்டு காரியங்களில் ஒன்றைச் செய்யலாம். வண்டியைப் பழைய இரும்புக் கடைக்கு எடை போட்டுக் கொடுத்துவிடலாம். அல்லது பிரித்துப் பார்க்கலாம்.

பிரித்துப் பார்ப்பது என்பது லேசான காரியம் அல்ல. அதற்குத் துணிச்சல் வேண்டும். பொறுமை வேண்டும். பிரித்ததைத் திரும்பப் பூட்டத் தெரிய வேண்டும்.

அந்தத் துணிச்சலைக் கொங்கு நாட்டுக்குக் கற்றுக் கொடுத்தவர் ஒருவர் இருந்தார். கல்லூரிக்குப் போகாதவர். பள்ளிக்கூடப் படிப்பையும் முடிக்காதவர். ஆனால் ஒரு பொறியியல் கல்லூரிக்கே முதல்வராக இருந்தவர்!

அவர்தான் கோயமுத்தூர் ஜி.டி.நாயுடு.

பள்ளிக்கூடம் பிடிக்காத பிள்ளை

கோயமுத்தூரை அடுத்த சூலூருக்குப் பக்கத்தில் கலங்கல் என்று ஒரு கிராமம். அங்கே 1893-ம் ஆண்டு மார்ச் மாதம் 23-ந்தேதி துரைசாமி பிறந்தார். தந்தை கோபால்சாமி நாயுடு. விவசாயக் குடும்பம்.

துரைசாமி கைக்குழந்தையாக இருந்தபோதே தாய் இறந்துவிட்டார். தாய்மாமன் வீட்டில் வளர்ந்தார்.

பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை. வாத்தியார் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஓடிய பிள்ளை என்று அவரைப் பற்றி இன்றும் கொங்கு நாட்டில் சொல்வார்கள். படிப்பு சில வகுப்புகளோடு நின்றது. காட்டிலும் தோட்டத்திலும் வேலை செய்தார்.

அந்தப் பிள்ளை உருப்படுமா என்று ஊரார் கவலைப்பட்டார்கள். அப்போதுதான் ஊருக்குள் ஓர் அதிசயம் வந்தது.

மாடு இல்லாமல் ஓடும் வண்டி!

இரண்டு சக்கரம். இழுக்க மாடும் இல்லை, குதிரையும் இல்லை. படபடவென்று சத்தம் போட்டுக்கொண்டு புழுதி கிளப்பி ஓடியது. அதன்மேல் ஒரு வெள்ளைக்கார அதிகாரி. அவர் பெயர் லங்காஷயர் என்று சொல்வார்கள். அவர் ஓட்டி வந்தது ரட்ஜ் என்ற இங்கிலாந்து மோட்டார் சைக்கிள்.

ஊரார் எல்லாரும் பார்த்தார்கள். பார்த்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்கள். துரைசாமியால் மட்டும் போக முடியவில்லை. அது எப்படி ஓடுகிறது? உள்ளே என்ன இருக்கிறது? இந்தக் கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை.

அந்த வண்டியை எப்படியாவது வாங்கிவிட வேண்டும் என்று முடிவு கட்டினார். கோயமுத்தூருக்கு வந்தார். ஓர் ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்தார். இலை போட்டார்; பலகாரம் பரிமாறினார். காசைக் காசாகச் சேர்த்தார்.

கடைசியில் அந்த அதிகாரியிடமே போய், 300 ரூபாய் கொடுத்து அந்த மோட்டார் சைக்கிளை வாங்கினார்.

அந்தக் காலத்தில் 300 ரூபாய் என்பது பெரிய பணம். அவ்வளவு பணம் கொடுத்து வாங்கியவர் என்ன செய்வார்? ஏறி உட்கார்ந்து ஊர்வலம் போவார். உறவினர் வீட்டு வாசலில் கொண்டு போய் நிறுத்துவார்.

துரைசாமி என்ன செய்தார் தெரியுமா?

வண்டியைப் பாகம் பாகமாகக் கழற்றிப் போட்டார்!

பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பப் பூட்டினார். எந்தப் பாகம் எதைத் தள்ளுகிறது, எது எதைச் சுழற்றுகிறது என்று கையாலேயே படித்தார். சொல்லிக் கொடுக்க வாத்தியார் இல்லை. பார்த்துப் படிக்கப் புத்தகம் இல்லை. அந்த மோட்டார் சைக்கிள்தான் அவருக்குப் பள்ளிக்கூடம்.

பம்பாயில் விழுந்த அடி

இனி எல்லாமே வெற்றிதான் என்று நினைக்காதீர்கள்.

துரைசாமி முதலில் போனது மோட்டார் தொழிலுக்கு அல்ல; பஞ்சுத் தொழிலுக்கு. திருப்பூரில் பருத்தி அரைக்கும் தொழில் நடத்தினார். முதல் உலகப் போர்க் காலத்தில் நல்ல பணம் வந்தது. இன்னும் பெரிதாகச் சம்பாதிக்கலாம் என்று பம்பாய்க்குப் போனார். அங்கே பஞ்சு வியாபாரத்தில் பணத்தைப் போட்டார். போட்டது போய்விட்டது.

வந்த வழியே ஊர் திரும்பினார்.

பணம் போனது. ஆனால் மோட்டாரைப் பிரித்துப் பூட்டக் கற்ற கை அவரோடு இருந்தது. அதைப் பம்பாய்க்காரர்களால் வாங்கிக்கொள்ள முடியவில்லை!

உடுமலை வழியாக ஓடிய பஸ்

அப்போது கோயமுத்தூரில் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற வெள்ளைக்காரர் இருந்தார். காப்பி, நூற்பாலை, மோட்டார் என்று பல தொழில்கள் நடத்தியவர். அவர் துரைசாமியிடம் இருந்த திறமையைக் கண்டுகொண்டார். ஒரு பஸ் வாங்குவதற்குக் கடன் கொடுத்து உதவினார்.

1920-ம் ஆண்டு அந்தப் பஸ் ஓடத் தொடங்கியது. எந்த ஊருக்கு?

பொள்ளாச்சியில் இருந்து பழனிக்கு!

நடுவில் இருப்பது நம் உடுமலைப்பேட்டை. பொள்ளாச்சியில் இருந்து கிழக்கே வந்தால் உடுமலை. அதைத் தாண்டினால் மடத்துக்குளம். பிறகு பழனி மலை கண்ணுக்குத் தெரியும்.

அந்தக் காலத்தில் அந்தச் சாலை எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். தார் இல்லை; புழுதி. பாலக்காட்டுக் கணவாயில் இருந்து காற்று வீசினால் முன்னால் போகிற வண்டியே தெரியாது. திண்டுக்கல்–பொள்ளாச்சி ரயில் பாதை அப்போது வரவில்லை. தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் காவடி எடுத்தவர்கள் கால்நடையாகப் போவார்கள். வசதி உள்ளவர்கள் மாட்டு வண்டி கட்டுவார்கள்.

அந்தச் சாலையில் துரைசாமி தாமே பஸ்ஸை ஓட்டினார். வழியில் வண்டி நின்றால் அவர்தான் மெக்கானிக். நடுக்காட்டில் ஏது ஒர்க் ஷாப்? ஏது உதிரி பாகம்? எந்தப் பாகம் தேய்ந்தாலும் சீமையில் இருந்து கப்பலில் வர வேண்டும். அதுவரை பயணிகளைக் காக்க வைக்க முடியுமா?

ஓட்டல் வேலை பார்த்து வாங்கிய அந்த மோட்டார் சைக்கிள் கற்றுக் கொடுத்த பாடம் இங்கே கைகொடுத்தது. தேய்ந்த பாகத்தைப் பார்த்து, ஏன் தேய்ந்தது என்று கண்டுபிடித்து, சரிசெய்து ஓட்டத் தெரிந்தவர் அவர்.

ஒரு பஸ் இரண்டாயிற்று. இரண்டு பத்தாயிற்று. யுனைடெட் மோட்டார் சர்வீஸ் அல்ல. யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்று பெயர் வைத்தார். சுருக்கமாக யு.எம்.எஸ். நாளடைவில் நூற்றுக்கணக்கான பஸ்கள் ஓடின. நேரத்துக்கு வரும், நேரத்துக்குப் புறப்படும் என்று பெயர் வாங்கின.

துரைசாமி இப்போது ஜி.டி.நாயுடு ஆகிவிட்டார்.

முகம் மழிக்க ஒரு மோட்டார்

பஸ் முதலாளி ஆன பிறகும் அவருடைய கை சும்மா இருக்கவில்லை. வெளிநாடுகளுக்குப் போனார். யந்திரங்களைப் பார்த்தார். போகிற இடத்தில் எல்லாம் காமிராவும் கையுமாகத் திரிந்தார். 1936-ம் ஆண்டு லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தாமே சினிமாப் படம் பிடித்தார்.

முகம் மழிக்கும் மின்சார ரேஸர் ஒன்றை உண்டாக்கினார். சின்னஞ்சிறு மோட்டார், டார்ச் லைட்டில் போடுவது போன்ற பாட்டரியில் ஓடும். ராசன்ட் என்று அதற்குப் பெயர். ஜெர்மனியில் தயாராகி விற்பனைக்கு வந்தது.

மிக மெல்லிய பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் சுழலும் விசிறி, மோசடி செய்ய முடியாத ஓட்டுப் பதிவு யந்திரம் என்று அவர் கையில் இருந்து ஒவ்வொன்றாக வந்தன.

1932-ல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் வேலை செய்யத் தொடங்கியது. கோயமுத்தூர்ச் சீமைக்கு மின்சாரம் வந்தது. மின்சாரம் வந்தால் போதுமா? அதைக் கொண்டு கிணற்றில் இருந்து தண்ணீர் இறைக்க மோட்டார் வேண்டாமா? அந்த மோட்டாரும் சீமையில் இருந்துதான் வந்தது.

1937-ம் ஆண்டு பீளமேட்டில் நேஷனல் எலெக்ட்ரிக் ஒர்க்ஸ் என்ற தொழிற்சாலையில் ஒரு மின்மோட்டார் தயாராகி வெளிவந்தது. நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து நடத்திய முயற்சி அது. இந்தியாவில் தயாரான முதல் மின்மோட்டார் அதுவே என்று கோயமுத்தூர்க்காரர்கள் பெருமையோடு சொல்வார்கள்.

இன்று பம்ப் செட் என்றால் கோயமுத்தூர். மாவு அரைக்கும் கிரைண்டர் என்றால் கோயமுத்தூர். உங்கள் வீட்டு இட்லி மாவுக்கும் பீளமேட்டு மோட்டாருக்கும் உறவு இருக்கிறது!

விவசாயத்தையும் அவர் விட்டு வைக்கவில்லை. பருத்தி, சோளம், பப்பாளியில் புதிய ரகங்களை வளர்த்தார். அவருடைய தோட்டத்தை நோபல் பரிசு பெற்ற சர் சி.வி.ராமனே வந்து பார்த்தார்.

படிக்காதவர், கல்லூரி முதல்வர்!

பணம் சேர்ந்தது. நாயுடு என்ன செய்தார்?

1944-ம் ஆண்டு பஸ் தொழில் நிர்வாகத்தில் இருந்து விலகிக்கொண்டார். ஆராய்ச்சி செய்யும் மாணவர்களுக்கும் தம் தொழிலாளர்களுக்கும் உதவித் திட்டங்களை அறிவித்தார்.

கோயமுத்தூரில் ஒரு பாலிடெக்னிக்கும், ஒரு பொறியியல் கல்லூரியும் ஏற்பட அவரே காரணமாக இருந்தார். நன்கொடையும் அவருடையதே. அப்போதைய சென்னைக் கவர்னர் ஆர்தர் ஹோப்பின் பெயர் அவற்றுக்கு வைக்கப்பட்டது. அந்தக் கல்லூரிதான் இன்று அரசு தொழில்நுட்பக் கல்லூரி என்ற பெயரில் விளங்குகிறது.

1945-ம் ஆண்டு நாயுடுவே அதன் முதல்வராக இருந்தார். வாத்தியாரிடம் இருந்து தப்பி ஓடிய பிள்ளை, வாத்தியார்களுக்கு எல்லாம் தலைவரானார்!

ஆனால் அந்த நாற்காலியில் அவர் நெடுநாள் உட்காரவில்லை. பொறியியல் படிப்புக்கு நான்கு ஆண்டுகள் எதற்கு? அது காலத்தை வீணாக்குவது. இரண்டு ஆண்டுகளே போதும் என்பது அவர் கட்சி. சர்க்கார் அதை ஏற்கவில்லை. நாயுடு பதவியை உதறிவிட்டு வெளியே வந்துவிட்டார்.

அவர் சொன்னது சரியா, தவறா? நான்கு ஆண்டுகள் வேண்டும் என்பவர்கள் இன்றும் உண்டு. அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. பாலம் கட்டுகிறவருக்குக் கணக்கு தெரிய வேண்டும் அல்லவா? ஆனால் நாயுடுவின் மனதில் இருந்தது வேறு. ஸ்பானர் பிடிக்காமலேயே பட்டம் வாங்கிவிடக் கூடாது என்பதுதான் அவர் கவலை. அந்தக் கவலை இன்னும் தீரவில்லை.

ஓடாமல் போன கார்

அவர் வாழ்க்கையில் மனதை உறுத்தும் சம்பவம் ஒன்று உண்டு.

1952-ம் ஆண்டு நாயுடு ஒரு கார் செய்தார். இரண்டு பேர் உட்காரலாம். பெட்ரோலில் ஓடும். விலை 2,000 ரூபாய்தான். நடுத்தரக் குடும்பத்தினரும் கார் வாங்கலாம் என்ற நிலை வந்திருக்கும்.

ஆனால் அதைத் தொழிற்சாலையில் பெருவாரியாகத் தயாரிக்கச் சர்க்கார் லைசென்ஸ் கிடைக்கவில்லை. கார் நின்றுவிட்டது.

இதற்கு முன்பே, 1941-ல், ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தம்மால் தயாரிக்க முடியும் என்று அறிவித்தவர் அவர். மலிவாகச் செய்து ஏழை வீட்டுக்கும் கொண்டு போக வேண்டும் என்பது அவர் ஆசை.

யந்திரத்தில் கோளாறு என்றால் நாயுடு பிரித்துச் சரி செய்துவிடுவார். லைசென்ஸில் கோளாறு என்றால் எந்த ஸ்பானரைக் கொண்டு கழற்றுவது?

பூசணிக்காய்க்குள் என்ன இருக்கிறது?

இப்போது நாம் தொடங்கிய இடத்துக்கு வருவோம். இழுப்பு இல்லாத பழைய கார் இன்னும் ஒர்க் ஷாப்பில்தான் நிற்கிறது. நாயுடுவின் வழியில் அதைப் பிரித்துப் பார்ப்போமா?

இரண்டு மின்விசிறிகளை முகத்துக்கு முகம் பார்க்கும்படி வையுங்கள். ஒன்றுக்கு மட்டும் மின்சாரம் கொடுங்கள். அது சுழலும். அதன் காற்று பட்டு எதிரில் இருக்கும் விசிறியும் மெல்லச் சுழலும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கம்பிகூட இல்லை!

டார்க் கன்வர்ட்டரும் இப்படித்தான். காற்றுக்குப் பதில் எண்ணெய். எஞ்சின் ஒரு இறக்கைச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அது வீசும் எண்ணெய் எதிரில் உள்ள சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதிலிருந்து சக்தி கியர் பாக்ஸுக்குப் போகிறது. நடுவில் மூன்றாவதாக ஒரு சின்னச் சக்கரம். திரும்பி வரும் எண்ணெயை அது சரியான பக்கம் திருப்பிவிடுகிறது. அதனால்தான் புறப்படும்போது வண்டிக்கு அதிக இழுப்பு கிடைக்கிறது. ஒரு பக்கம் மட்டுமே சுழலும்படி அதற்கு ஒரு பூட்டு உண்டு. அந்தப் பூட்டு தேய்ந்துவிட்டால் இழுப்பு போச்சு!

இந்தத் தத்துவத்தை 1905-ல் கண்டு சொன்னவர் ஹெர்மான் ஃபெட்டிங்கர் என்ற ஜெர்மன் எஞ்சினீயர். அவர் நினைத்தது காருக்காக அல்ல, கப்பலுக்காக. 1948-ல் அமெரிக்காவின் ப்யூக் கார்களில் அது வந்தது.

தேய்ந்த கன்வர்ட்டரை மாற்ற வேண்டும் என்றால் கியர் பாக்ஸையே கழற்றி இறக்க வேண்டும். அவசரக்காரர்கள் பழையதை எடுத்து எறிந்துவிட்டுப் புதியதை மாட்டிவிடுவார்கள். சில நாளில் அதுவும் போய்விடும். ஏன்?

பழையது தேய்ந்தபோது உதிர்ந்த இரும்புத் துகள்கள் எண்ணெயில் கலந்து குழாய்களில் தங்கியிருக்கும். எண்ணெயைக் குளிர வைக்கும் கூலரிலும் தங்கியிருக்கும். அவற்றைக் கழுவி வெளியேற்றாவிட்டால் புதியதும் தேயும். புதியதை உள்ளே முழுவதும் தள்ளி, ஆயில் பம்ப்போடு சரியாகப் பொருத்தவும் வேண்டும். பொருந்தாமலே போல்ட்டை முறுக்கினால் பம்ப் உடைந்து போகும்.

பாகத்தை மாற்றுவது பாதி வேலை. அது ஏன் தேய்ந்தது என்று தெரிந்துகொள்வதுதான் மீதி வேலை. பொள்ளாச்சி–பழனி சாலையில் நாயுடு செய்தது அந்த மீதி வேலையைத்தான்.

கோயமுத்தூருக்குப் போனால் பாருங்கள்

1974-ம் ஆண்டு ஜனவரி 4-ந்தேதி ஜி.டி.நாயுடு காலமானார். அப்போது அவருக்கு வயது 80.

கோயமுத்தூர் அவினாசி சாலையில், 1967-ல் அவர் பெயரால் தொடங்கிய பொருட்காட்சி சாலை இருக்கிறது. அவர் செய்தவையும் சேர்த்தவையும் அங்கே உள்ளன. அதன் அருகே 2015-ல் ஒரு கார் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. அவருடைய மகன் ஜி.டி.கோபால் அமைத்தது. பல நாடுகளில் இருந்து வந்த பழைய கார்கள் அங்கே பளபளவென்று நிற்கின்றன. எடை போட்டு விற்றிருக்க வேண்டிய வண்டிகளை, யாரோ பொறுமையாகப் பிரித்து, துடைத்து, பூட்டி நிறுத்தியிருக்கிறார்கள்.

2025-ம் ஆண்டு அக்டோபரில் அதே அவினாசி சாலையில் 10 கிலோ மீட்டருக்கு மேல் நீளமான மேம்பாலம் திறக்கப்பட்டது. அதற்கும் ஜி.டி.நாயுடு பெயர்தான். ஓட்டலில் பரிமாறிக் காசு சேர்த்த பையனின் பெயரைத் தாங்கிய பாலத்தில், இன்று ஆயிரக்கணக்கான மோட்டார் சைக்கிள்கள் பறக்கின்றன!

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அங்கே போய் வாருங்கள்.

வீட்டில் பிள்ளை பழைய கடிகாரத்தையோ, ஓடாத விசிறியையோ பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தால் உடனே முதுகில் ஒன்று வைத்துவிடாதீர்கள். மின்சார இணைப்பு துண்டிக்கப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பிறகு அவன் பக்கத்தில் உட்காருங்கள். மகளானாலும் அப்படியே.

பிரித்ததைத் திரும்பப் பூட்டச் சொல்லுங்கள். ஒரு திருகாணி மிஞ்சினால், அது எந்த இடத்துத் திருகாணி என்று தேடச் சொல்லுங்கள்.

நாயுடுவும் அப்படித் தேடித்தான் கற்றுக்கொண்டார்.